சிவதாணு பிள்ளையின் வலது கை

எங்கள் அத்தான் சிவதாணு பிள்ளைக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறாது என்பது ஊருக்குத் தெரிந்தது பஞ்சாயத்துக் கூட்டத்தில்தான். அவருடைய வயலுக்குப் போகிற வழியில் ஓடைக்குப் பாலம் போடலாமா என்று ஓட்டெடுப்பு. மொத்தம் ஏழு மெம்பர்கள், அத்தானும் அதில் ஒருவர். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்க வேண்டும். அத்தானும் தூக்கினார். கை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

பிரசிடெண்ட் பகவதியப்பனுக்கும் அத்தானுக்கும் ஆகாது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"பிள்ளைவாள் கையைத் தூக்குதாரா, இல்ல நெஞ்சைத் தடவுதாரா? கை மேல ஏறுனாத்தான் ஓட்டு."

இடது கையைத் தூக்கியிருக்கலாம். நல்ல காரியத்துக்கு இடது கையா என்று அத்தான் யோசித்து முடிப்பதற்குள் ஒரே ஓட்டில் பாலம் தோற்றுப்போயிற்று.

வீட்டில் எங்களுக்கு இது மூன்று மாதப் பழைய கதை. அவருக்கு வேட்டி கட்டிவிடுவதும் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் என் அக்கா செல்லத்தாய்தான். எண்ணெய் போட்டு உழிய இரண்டு பேர் மாறிமாறி வந்தார்கள். தோள் பளபளவென்று ஆனது, அசையத்தான் இல்லை.

அந்த நாளில் எங்கள் ஊருக்கு வியாழக்கிழமைதோறும் நேசபாய் வருவாள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் படித்தவள். இறுகிப்போன மூட்டைக் கையால் பிடித்து, அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிவிடுவாள். ஊர் எல்லையில் ரோட்டோரப் புளியமரத்தடிதான் அவளுக்கு ஆஸ்பத்திரி. வருகிறவர்களில் பாதிப்பேர் களை பறித்தும் நாற்று நட்டும் தோள் பிடித்துப்போன பெண்கள். தோளைப் பார்க்க வேண்டுமானால் ரவிக்கையைத் தளர்த்த வேண்டும். பஸ் போகிற ரோட்டில் எவள் தளர்த்துவாள்? வந்த வலியோடு திரும்பிப் போவார்கள். அதனால் பஞ்சாயத்துக்குச் சொந்தமாய்ப் பூட்டியே கிடந்த ஓர் அறையை வாரத்தில் ஒரு நாள் தரும்படி நேசபாய் மனுக் கொடுத்திருந்தாள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மனு வரும் என்றார்கள்.

"அவளைக் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்றாள் அக்கா.

அத்தான் துள்ளினார். "அவ எந்தச் சாதின்னு தெரியுமாட்டி? கிறிஸ்து வேதத்துல சேந்துட்டா ரத்தம் மாறிப்போவுமா?"

"அப்பம் நாளையிலேருந்து உங்க வேட்டிய நீங்களே கெட்டிக்கிடுங்க."

கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தான் தன் தோளை மட்டும் இன்னும் திறந்துவிடவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டுக்குத் தீட்டு இல்லை. தோளைப் பட்டுச் சேலையால் மூடி, அதன் மேல் அவள் பிடிக்கட்டும். வீட்டுக்குள் வேண்டாம், மாட்டுத் தொழுவம் போதும். கொல்லை வழியாக வரட்டும். வெளியே கேட்டால், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வர்ம வைத்திய ஆசான் வந்து பார்க்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளை அழைத்துவருகிற வேலை எனக்கு.

அக்காவின் கல்யாணப் பட்டு அத்தானின் தோளில் கிடப்பதை நேசபாய் சற்று நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இல்லை.

"பட்டு வழுக்கும் ஐயா. எலும்பு கைக்குப் பிடிபடாது."

"பிடிபடுத அளவு போதும்" என்றார் அத்தான், பெரிய மனசு பண்ணி.

இரண்டு முறை அப்படியே நடந்தது. அவள் பிடிக்க, பட்டு வழுக்க, அத்தான் முனக, ஒரு விரற்கடை ஏறவில்லை. மூன்றாம் முறை பட்டு நழுவிச் சாணத்தில் விழுந்தது. குனிந்து எடுக்க யாருக்கும் நேரமில்லை. நேசபாய் ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்து, மறு கையால் முழங்கையைத் தாங்கி மேலே கொண்டுபோனாள். அத்தான் போட்ட சத்தத்தில் பசு கயிற்றை அறுக்கப் பார்த்தது.

"வலிக்கா ஐயா?"

"வலிக்கு. விட்டுராத, விட்டுராத!"

அதற்குப் பிறகு பட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வியாழக்கிழமை என்று பார்க்காமல், ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மூன்று வாரம் நேசபாய் வந்தாள். கை காது வரை வந்தது, பிறகு தலைக்கு மேலே போனது. ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்கியதும், போதுமா என்று அவளிடம் கேட்டுக்கொள்வார் அத்தான். அவள் கொல்லைப் படலைத் தாண்டியதும் அத்தான் கிணற்றடிக்கு ஓடுவார். தீட்டுக் கழிய வேண்டுமே! வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். அவள் பிடித்துக் கொடுத்த அதே கையால்தான். ஒரு நாளாவது அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருக்கும். ஆனால் அவர் சோற்றைத் தின்று அவர் வீட்டிலேயே கிடந்தவன் நான், என்ன சொல்ல?

கடைசி நாள் நேசபாய் முதன்முறையாக ஒன்று கேட்டாள். "நாளைக்குக் கூட்டத்துல எங்க மனு வருது ஐயா. பொம்பளைங்க மறைவில்லாம கஷ்டப்படுதாங்க. நீங்க பாத்துக்கிடணும்."

"பாப்போம், பாப்போம்" என்றார் அத்தான், கையைச் சுழற்றிக்கொண்டே.

மறுநாள் கூட்டத்துக்குப் போகிற வழியில் என் தோளைத் தட்டினார். "ஏலே இசக்கி, நான் அவளுக்கு ஆதரவா கையைத் தூக்குனா என்ன ஆவும்? பிள்ளைக்கு அவமேல என்ன திடீர் கரிசனம்னு பகவதியப்பன் தோண்டுவான். தொழுவம் வரைக்கும் வந்துருவான். பின்ன நான் தலை நிமிந்து நடக்க முடியுமாலே?"

"அந்தப் பொம்பளைங்க பாடு?"

"மரத்தடி எங்கயும் ஓடிப்போவாதுலே."

கூட்டம் தொடங்கியது. நேசபாய் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில், தோள் பிடித்துப்போய் மூன்று வாரமாக அறைக்காகவே காத்திருந்த முத்துக்கனி. மனுவை வாசித்தார்கள். சம்மதம் என்று பிரசிடெண்டோடு சேர்த்து மூன்று கை. சம்மதமில்லை என்று மூன்று கை.

ஏழாவதாக அத்தானின் வலது கை, சம்மதமில்லை என்று கிளம்பியது. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, உச்சி வரை போய் நின்றது. போன மாதம் சிரித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"நாலு. மனு தள்ளுபடி" என்றார் பகவதியப்பன். அதைச் சொல்ல அவருக்கே கசந்தது.

அத்தான் கையை இறக்கவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பினேன். நேசபாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டுனு போட்டுராதீங்க ஐயா, பிடிச்சிக்கிடும். மெதுவா இறக்குங்க" என்றாள்.

அத்தான் கை மெதுவாக இறங்கியது. சாண் சாணாக, நடுக்கமில்லாமல், சொன்ன சொல் தட்டாமல் தொடை வரை வந்தது. பிறகு அவர் தொழுவத்துப் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி, சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"போதுமா நேசபாய்?"

கேட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பகவதியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போதும் ஐயா" என்றாள் நேசபாய். முத்துக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியைப் பார்த்து நடந்தாள்.