பூட்டுப் பின்

வனமாமலையால் இடது தோளைத் தூக்கவே முடியவில்லை. நேற்று மதியம் துள்ளி எழுந்த குழாயைப் பிடிக்கப் பாய்ந்தபோது பிசகியது. அந்தத் தோளோடுதான் பிணவறையிலிருந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். வெள்ளைத் துணிக்குள் தம்பி ஐயனார். நெஞ்சு இருந்த இடத்தில் துணி குழிந்திருந்தது.

நட்சத்திரம் பார்க்கிற குழாய் அது. மலை மேல் வானாய்வுக் கூடத்தில் நாற்பது வருஷம் நின்றுவிட்டு, பழுதுபார்க்க ஒரகடம் ஷெட்டுக்கு லாரியில் வந்திருந்தது. பித்தளைத் தகட்டில் 1968 என்று வெட்டியிருந்தார்கள். ஒரு முனையில் கண்ணாடிச் சட்டம், மறுமுனையில் அதற்குச் சமமாக இரும்பு எடைகள். ஒரு விரலால் தள்ளினாலே திரும்பும். ஆனால் ஒரு பக்கக் கனத்தைக் கழற்றுமுன் பூட்டுப் பின்னைச் செருகியாக வேண்டும். இல்லையென்றால் கனம் போன முனை உதைத்துக்கொண்டு எழும்பும்.

ஷெட் சூப்பர்வைசர் நிர்மல் தாளை நீட்டினான்.

"யோவ், ஒரு சைன் போடு. பின்னு போடாம கழட்னது உன் தம்பின்னு எய்திக்கீது, அவ்ளோதான். போட்டாதான் பாடிக்கு ஊர் வரைக்கும் வண்டி."

"பொய்யி!" ஐயனாரின் மனைவி தங்கமாரி எழுந்தாள். "பின்னக் கேக்காம அவுக போல்ட்டுல கை வைக்க மாட்டாக."

"அப்ப எவன் எட்த்தான்? நானா? குட்ச்சிட்டு வந்து..."

வனமாமலையின் வலது கை அவன் வாயில் இறங்கியது. பல் உடைந்தது. கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து அடித்தான். முகம் பிய்ந்து ரத்தம் வெள்ளைத் துணியில் தெறித்தது. நாலு பேர் இழுத்தும் விடவில்லை.

"வுடுண்ணா, செத்துரப் போறான்!" ஷெட்டில் கூட வேலை செய்யும் தாமஸ் இடுப்பைக் கட்டிப் பிரித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "அண்ணன்னா இப்டி இருக்கணும்யா."

வனமாமலைக்கு மூச்சு இரைத்தது. நேற்று தம்பி டீக்குப் போயிருந்தபோது பின்னை உருவிவிட்டு, குழாயை ஒரு விரலால் திருப்பி, வானத்துப் பக்கம் வைத்து எட்டிப் பார்த்தது இவன்தான். சங்கு ஊதியதும் பழையபடி திருப்பி வைத்தான். பூட்டுப் பின் அவன் பேன்ட் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

டீ குடித்து வந்த தம்பி கண்ணாடிச் சட்டத்தின் மேல் குனிந்துகொண்டு கேட்டான். "அண்ணே, பின்னு கெடக்கா?"

"கெடக்கு, கெடக்கு. கழட்டுல."

தங்கமாரி முந்தானையைக் கிழித்து இவன் கையில் சுற்றினாள்.

"அத்தான், நீங்க பக்கத்துல நின்னீகல்லா. அவுக பின்னப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டான்."

"யாரு என்ன சொன்னா?"

தாமஸ் பேசிப் பிடித்த வேன் ஹாரன் அடித்தது. "ஏத்தலாமா?" என்றான் டிரைவர்.

வனமாமலை குனிந்தான். நேற்றுப் போட்ட அதே பேன்ட். பையிலிருந்த இரும்பு தொடையில் குத்தியது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கினான். தங்கமாரி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நடந்தாள்.

அவளுக்கு ஒரு பதில் பாக்கி.