மணல் சுவர்

கப்பலைப் பிடித்து வைத்து முப்பத்தொரு நாள். பிடித்த அன்றே காளி கோயிலில் பவானி நேர்ந்துகொண்டாள். புருஷன் வீடு வந்து சேரும்வரை கவிச்சி தொடுவதில்லை.

வில்லங்கம் கப்பலில் இல்லை; அது ஏற்றி வந்த மண்ணில். மேற்கு சகாராப் பாலைவனத்தில் வெட்டிய பாஸ்பேட். ஐம்பது வருஷத்துக்கு முன் ஸ்பெயின்காரன் கைகழுவிய பூமி. மொரோக்கோ தன்னுடையது என்றது. அல்ஜீரியாவுக்கு ஓடிக் கூடாரம் போட்ட ஜனங்கள் தங்களுடையது என்றார்கள். வழியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றதும், கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள்.

தாமுவே என்ற பர்மியப் பேட்டையில், வீட்டில் அவள் மட்டும். மாலை நான்குக்குப் போன் அடித்தது. கப்பலிலிருந்து புருஷன் சுரேந்திரன்.

“மீ இருக்கா, பவா?”

“கரண்டா? காலையிலேயே போயிருச்சு. நீங்க சொல்லுங்க.”

“வழக்குப் போட்டவங்கள்ல ஒருத்தன் நேத்து கப்பலுக்கு வந்தான். பாலைவனத்துக்குக் குறுக்கால மணல்லயே செவரு எழுப்பியிருக்காங்களாம். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்! அவன் அக்கா அந்தப் பக்கம். பாத்து இருபது வருஷமாச்சாம்.”

“ஏறிக் குதிக்க வேண்டியதுதானே?”

“குதி, குதி. கீழே பூரா கண்ணிவெடி.” சிரித்தான். “நல்ல சேதி கேளு. ரெண்டு பேரை ஊருக்கு அனுப்புறாங்க. எம் பேரைக் குடுத்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துல கையெழுத்து.”

காலையில்தான் வார்டு ஆபீஸ்காரர்கள் வந்து, வீட்டுப் பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் ஒட்டுக் கேட்பார்களோ, போனில் எல்லாவற்றையும் உடைத்துப் பேச முடியாது.

“வார்டு ஆபீஸ்ல உங்களை விசாரிச்சாங்க. வயசு கேட்டாங்க. முப்பத்து மூணுன்னேன்.”

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் வயது. வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள். அவனுக்கும் தெரியும்.

“அப்ப?”

“வராதீங்க. உங்ககூட கப்பல்ல இருக்கிற மோகன் அண்ணனை அனுப்பச் சொல்லுங்க. அம்பது வயசு, தொப்பை வேற. எவன் சீண்டுவான்?”

“கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும்ங்கிறாங்க, பவா.”

“இழுக்கட்டும்.”

போனை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனையில் ஜைனப் அக்காவின் மொஹிங்கா கடை.

“பட்டாணி வடை மட்டும்தானே?”

“இல்லக்கா. நூடுல்ஸ் போட்டு, மீன் குழம்பு ஊத்துங்க.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஜைனப் முகம் மலர்ந்தது. “அடியாத்தி! தம்பி வந்துட்டாரா?”

“அவர் வரக் கூடாதுன்னுதான்கா.” பவானி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஊதி, முதல் வாய் வைத்தாள். முள் இல்லை. ஆனாலும் விழுங்க நேரமாயிற்று.