தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

ஆபரேஷனில் இடுப்பு மூட்டை மாற்றிய பதினேழாம் நாள் காலையிலிருந்து, கதவுக்காரிக்குத் தான் முப்பது வருடங்களில் மாட்டிய நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளும், எங்கே யார் திறந்து மூடினாலும், வலது இடுப்பில் தெரிந்தன. ஒழுங்காக நிற்கிற கதவென்றால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். தொங்கிப்போன கதவென்றால் சுரீரென்று இழுக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவளால் நாற்காலியில் உட்காரவே முடியாது. அங்கே பதினாறு வகுப்பறைக் கதவுகள் அவளுடையவை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, மூட்டு கச்சிதமாகப் பொருந்தியிருப்பதாகச் சொன்னார். அவளும் ஒரு கண்ணை மூடிப் படத்தைப் பார்த்து, வேலை சுத்தம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் அறைக்கதவைத் திறந்தாள். அதுவும் கதவுக்காரி மாட்டியதுதான், நடுக்கீலில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்று மாதத்தில் வலி போகாவிட்டால் மறுபடி திறந்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இன்னொரு முறை கத்தி வைக்க அவள் சம்மதிப்பதாக இல்லை. பையிலிருந்து திருப்புளியை எடுத்து அந்தத் திருகை அங்கேயே இறுக்கினாள். ஒரு வலி குறைந்தது, வழியும் பிடிபட்டது.

அவள் புருஷன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு மாதம் அவளையும் ஊன்றுகோலையும் கருவிப்பெட்டியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் "ரைட், போலாம்" என்பார். வங்கி, பல் ஆஸ்பத்திரி, போலீஸ்காரர் வீட்டுக் குளியலறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கூப்பிடாமலே வந்து கதவைச் சரிசெய்துவிட்டுப் போகிறவளைப் பார்த்து, ஆபரேஷனில் ஏதோ இடம் மாற்றி அறுத்துவிட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. பேசியவர்களின் கதவுகளும் சத்தமில்லாமல் மூடின.

கடைசியில் ஒரே ஒரு வலி மிச்சமிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, மெதுவாக இழுத்துக்கொண்டே போய் கடைசியில் பொட்டென்று வெட்டும் வலி. எந்தக் கதவு என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் தங்கையின் வாசல் கதவு. ஒன்பது வருடங்களுக்கு முன், புதிதாகக் கட்டிய அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் தங்கை, கதவையெல்லாம் ஆள் வைத்து மாட்டியதாகச் சொன்னாள். அந்த ஆள் அப்போது மரத்தூள் படிந்த தலையோடு பக்கத்து அறையில் நின்றிருந்தாள். எல்லோரும் சாப்பிடப் போனதும் மேல்கீலுக்குப் பின்னால் ஓர் அட்டையை மடித்துச் செருகி, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்துவிட்டுக் கிளம்பியவள்தான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு நான்கு நாள் இருந்தபோது அவள் அங்கே போனாள். கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது, அதையும் அடிக்கடி தள்ளிவிட்டுக் கதவு மூடிக்கொள்ளும். தங்கை மிஷினை நிறுத்தவில்லை.

"என்னக்கா விஷயம்?"

"கதவு சரியில்ல."

"ஒம்பது வருஷமா சரியில்ல. இப்பதான் தெரிஞ்சுதா?"

அவள் கீலைக் கழற்றி அட்டையை வெளியே எடுத்தாள். தங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய கடையின் முதல் சட்டைப்பெட்டியில் கிழித்த அட்டை.

"ஆள் வச்சு மாட்டினேன்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"தப்புதான். எங்கக்கா மாட்டினதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்." தங்கை நூலைக் கடித்துத் துண்டித்தாள். "இதச் சரிபண்ண எத்தனையோ பேர் வந்தாங்க. நீ மாட்டினதுல யாரையும் கைவைக்க விடல. செங்கல்லத்தான் மாத்திட்டிருந்தேன், இது மூணாவது."

கதவுக்காரிக்கு அழுகை வந்தது. திருகு தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நான்காம் நாள் டாக்டர் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கத்திக்கு வேலையில்லை என்று ஃபைலை மூடினார். தங்கையின் கதவு இப்போது மற்ற நானூற்றுப் பதினொன்றோடு ஒன்றாகக் குறுகுறுத்தது. எது தங்கையுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கதவுக்காரி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள், சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் திரும்பிப் போய், கதவு இடுப்பில் தெரிகிற கதையைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, அதே அட்டையில் பாதியைக் கிழித்து மேல்கீலுக்குப் பின்னால் வைத்தாள். தங்கை போய்ச் செங்கல்லை எடுத்துவந்தாள்.

இப்போதும் தினம் மாலை மிஷினுக்கு உறை போட்டதும் தங்கை அந்தக் கதவை இரண்டு முறை திறந்து, தானாகச் சாத்திக்கொள்ள விடுகிறாள். நாலு தெரு தள்ளி கதவுக்காரியின் இடுப்பு இரண்டு முறை வெட்டி இழுக்கிறது.

"கடைய மூடிட்டா," என்கிறாள் அவள்.

"ரைட்," என்று பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொல்கிறார் புருஷன்.