ஐந்து மணிக்குள்

"இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு" என்று தாளை நகர்த்திய நர்ஸ் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "நீதானேம்மா கிட்னி பத்திப் படிக்கப் போற பொண்ணு? ஊசி போடறப்பல்லாம் உங்கம்மா அதையேதான் சொல்லுவாங்க."

அவள் தலையாட்டினாள். அம்மா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

அவள் படிப்பது ஒருங்கிணைந்த அறிவியல். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம்; மூன்றாம் வருடத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்ற முடியாது. கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி. தவறினால் எங்கே இடம் காலியோ அங்கே தள்ளிவிடுவார்கள்.

உயிரியலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகப் போன மாதமே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பொய். டயாலிசிஸ் முடிந்து, பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தவளை ஒரு நிமிடம் சிரிக்கவைத்த பொய்.

மதியத்துக்குள் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திவிட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்த பெரியம்மா, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "கண்ணை மூடிட்டா. ஆனா அவ ஆசை மட்டும் வீண்போகல. பொண்ணு உயிரியல் எடுத்துட்டா."

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலில் செருப்புகளை ஒதுக்கினாள். நிரம்பிய குடத்திலேயே மறுபடி தண்ணீர் பிடித்தாள். மாடிப்படிக்கு வந்து போனைத் திறந்தாள். திரையில் நான்கு பாடங்களுக்கு நான்கு வட்டங்கள். விரல் இரண்டு முறை உயிரியலுக்குப் போய்த் திரும்பியது.

உயிரியலில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் நுண்ணோக்கியில் சிறுநீரகத் துண்டை வைத்த அன்று, இளஞ்சிவப்பு முடிச்சுகளைப் பார்த்ததும் வெளியே ஓடி முகம் கழுவிக்கொண்டு நின்றாள். தலைவலி என்றாள். அடுத்த வாரம் வேறொரு அறையில், முடியளவு மெல்லிதாகச் சீவிய கல். நுண்ணோக்கியின் தட்டைத் திருப்பத் திருப்பச் சாம்பல் நிறம் நீலமாகி ஆரஞ்சானது. அன்று சாப்பிடவே மறந்துபோனாள். கல் எப்போதோ கொதித்து எப்போதோ ஆறிப்போனது.

நாலேகாலுக்கு அப்பா படிக்கு வந்தார். பஸ் ஓட்டுபவர், காலையில் பாதி ஷிஃப்டில் இறங்கி வந்தவர், இன்னும் காக்கியில்தான் இருந்தார்.

"இங்க என்ன பண்ற? உள்ள தேடறாங்க."

"அப்பா, நான் இன்னும் எதையும் எடுக்கல. அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எதைத்தான் எடுக்கப் போற?"

"நிலவியல்."

"அப்படின்னா?"

"கல்லு. மண்ணு. மலை."

"கல்லா?" குரல் உயர்ந்தது. "அவ டிப்போவுக்கே வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனாளே…" உள்ளே போய்விட்டார்.

அவள் ஒரு மாடி இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். நாலே முக்காலுக்கு வாசலுக்கு வந்தபோது, அம்மாவோடு தையல் கடையில் வேலை செய்தவர் வந்திருந்தார். பெரியம்மா ஆரம்பித்தாள்: "பொண்ணு உயிரியல்…"

"இல்லக்கா" என்றார் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அப்பா. "அவ கல்லு படிக்கப் போறா."

"கல்லா? இவ ஆசைப்பட்டது…"

"ஆசைப்பட்டா. இப்ப கல்லுதான்." பஸ் படியில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்லும் அதே குரல். மகள் பக்கம் அவர் திரும்பவில்லை.

அவள் நிலைக்கதவில் சாய்ந்தபடி கடைசி வட்டத்தை அழுத்தினாள். 'பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. நாலு ஐம்பத்திரண்டு. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது; மூன்று மாடியும் தூக்கித்தான் இறங்க வேண்டும். அப்பா, அவருடைய டிப்போ ஆட்கள் இருவர். நான்காமவர் வண்டியைத் திருப்பி நிறுத்தக் கீழே போயிருந்தார். அவள் போய்க் கால்மாட்டில் காலியாக இருந்த முனையைப் பிடித்தாள்.

முதல் திருப்பத்தில் கால்மாடு தாழ்ந்து பாரமெல்லாம் அவள் பக்கம் வந்தது. கடைசியாக எடை பார்த்தபோது அம்மா முப்பத்தெட்டு கிலோ.

"மாத்திக்கணுமா?" என்றார் அப்பா.

"வேணாம்."

"அப்ப காலப் பாத்து வை."

கீழ் வீட்டுக்காரர், வழியில் நின்ற குழந்தை சைக்கிளை அவசரமாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். அதன் முன்சக்கரம் சுற்றி ஓயும்வரை நால்வரும் அப்படியே நின்றார்கள்.