டாக்டர் பாப்பாரு

மதியம் ஒன்றரைக்குக் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டேன். அதற்குள் என் மகள் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். இந்த ஈசிஜி அறையில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து, அந்த மூலை ஸ்டூலில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்.

"ரொம்ப ஆசைய வளத்துக்காதடி" என்றேன், ஜெல்லைப் பிதுக்கிக்கொண்டே.

"நீ மொதல்ல ஜெல்லு சிந்தாம தடவு" என்றாள்.

விமானப்படையில் பைலட் பயிற்சிக்கான எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாவற்றையும் ஊதித் தள்ளியவள், மருத்துவக் குழுவிடம் போய் மாட்டிக்கொண்டாள். இதயத்துக்குள் மின்சாரம் போகிற வழி ஒன்று, பிறவியிலேயே அவளுக்குக் கூடுதலாக இருக்கிறதாம். ஓடலாம், ஆடலாம், நூறு வயது வரை இருக்கலாம், விமானம் மட்டும் ஓட்டக்கூடாது. சிகிச்சை செய்துகொண்டு வந்தாலும் புதிதாகச் சேருகிறவர்களை எடுப்பதில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மறுபரிசோதனை கேட்கலாம். அதற்குக் கோளாறு இல்லாத ஈசிஜி ஒன்றும் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். நாளை கடைசி நாள். சிலருக்கு இது வரும், போகும். அந்தச் சிலரில் இவளும் ஒருத்தியாக இருந்துவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வருடமாக ஈசிஜி எடுப்பதுதான் வேலை. தாளைப் பார்த்து நோயாளியிடம் நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? கோடு ஒழுங்காக இருந்தால், "எழுந்திரிங்க, ஒண்ணுமில்ல" என்று என்னை அறியாமல் வந்துவிடும். ஒழுங்காக இல்லாவிட்டால், "டாக்டர் பாப்பாரு." இதைக் கண்டுபிடித்ததே மூலை ஸ்டூல்காரிதான். எட்டு வயதில், ஆள் வெளியே போனதும், "பாவம்மா அந்த மாமா" என்பாள். தலையில் ஒரு குட்டு வைப்பேன்.

மார்பில் ஆறு கிளிப், கை கால்களில் நான்கு. எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். தாள் கரகரவென்று வெளியே வந்தது.

கண்ணாடியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நெட்டுக்குத்தாக எழ வேண்டிய கோடு, அடியிலேயே சோம்பல்பட்டதுபோலச் சாய்ந்து ஏறியிருந்தது. ஒரு துடிப்பில் அல்ல, ஒவ்வொன்றிலும். இந்தச் சாய்வை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இந்த மிஷின் புதிதாக வந்த அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இவளைத்தான் படுக்க வைத்தேன். அப்போது பன்னிரண்டு வயது. கிளிப் சரியாகப் பதியவில்லை என்று நினைத்துத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். மறுபடி எடுத்துப் பார்க்கவும் இல்லை, வெளியே வரிசை நின்றது. அந்த வருடம்தான் அவள் சுவரில் முதல் விமானப் படத்தை ஒட்டினாள். அன்றே தெரிந்திருந்தால் ஆசைப்பட வேறு ஏதாவது தேடியிருப்பாள். பத்து வருடம் அவளை ஓடவிட்டது நான்தான்.

"என்னம்மா?"

"டாக்டர் பாப்பாரு" என்றேன்.

வாயை மூடிக்கொண்டேன். எந்தப் பிரயோசனமும் இல்லை. அவள் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"புது மிஷின் வந்தப்ப எனக்குத்தானே மொதல்ல எடுத்த?"

"ம்."

"அதுலயும் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இவளிடம் அது செல்லாது.

"கிளிப்பு சரியா மாட்டலன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

வெளியே யாரோ கதவைத் தட்டி, மதிய இடைவேளை என்ற பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள்.

"அப்ப இன்னொரு தடவ எடும்மா" என்றாள். "இந்தத் தடவ சரியா மாட்டு."

பத்தையும் கழற்றினேன். ஜெல்லைத் துடைத்து, புதிதாகத் தடவி, விலா எலும்பை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி, முதல் நாள் வேலைக்கு வந்தவள்போல ஒவ்வொரு கிளிப்பாக வைத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மூச்ச அடக்காதடி, சாதாரணமா விடு" என்றேன்.

அவள் விடவில்லை. தாள் வந்துகொண்டே இருந்தது. மேசையைத் தாண்டி, அவள் கழற்றிப் போட்டிருந்த ஓட்டக் காலணிகளின் மேல் மடிந்து மடிந்து விழுந்தது. அடுத்த கோடாவது நெட்டுக்குத்தாக எழுமா என்று பார்த்துக்கொண்டே, அழுத்தாமல், நிறுத்தும் பொத்தானிலேயே விரலை வைத்திருந்தேன்.