கைக்குத் தெரிந்த சுருக்கங்கள்

பன்னிரண்டாவது கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தபோது சிஸ்டம்காரருக்கு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. மூன்று நாளாக அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்ததில் முழங்கால்கள் கன்றிப்போயிருந்தன. எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பதினொன்று முடிந்தாயிற்று. மிச்சம், ரிப்போர்ட் அடிக்கும் அக்காவுடையது.

அக்காவுக்கு வலது கை செயலிழந்து ஆறு வருஷம். இடது கையால் மட்டும்தான் அடிப்பார். அதற்கேற்றபடி கம்ப்யூட்டரையே வளைத்து வைத்திருந்தார். மவுஸின் பட்டன்கள் இடம் மாறியிருக்கும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும்.

"தம்பி, என் செட்டிங் எதுவும் போயிடக் கூடாது."

"போகாதுக்கா. எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுத்தான் கை வைப்பேன்."

செட்டிங் பக்கம் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தார். அக்காவின் ஃபோல்டரை முழுதாக வேறொரு டிஸ்க்கில் ஏற்றினார். பிறகு கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதியதைப் போட்டு, படங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். பன்னிரண்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா மூன்றெழுத்து அடித்து, நீள விசையைத் தட்டினார். மூன்றெழுத்து மூன்றெழுத்தாகவே நின்றது.

"வாக்கியம் வரலையே தம்பி?"

"எந்த வாக்கியம்?"

"மூணு எழுத்து அடிச்சா 'தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை'ன்னு முழுசா வந்து விழுமே."

அவர் போனில் பிடித்த படங்களை மறுபடி புரட்டினார்; எதிலும் அது இல்லை. அதற்கென்று சின்னதாக ஒரு பழைய புரோகிராம் இருந்திருக்கிறது. அதிலிருந்த சுருக்கங்களின் பட்டியல் அக்காவின் ஃபோல்டரில் இல்லை, புரோகிராமின் இடத்திலேயே இருந்திருக்கிறது. அவர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

'புது சிஸ்டம் பழசை ஏத்துக்கலைக்கா' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் விழலாம். அவ்வளவு அசதி.

"என் தப்புக்கா," என்றார். "வேற இடத்துல இருந்திருக்கு. பார்க்காம அழிச்சுட்டேன்."

அக்கா திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆறு வருஷம் தம்பி. ஒத்தக் கையால ஒண்ணொண்ணா சேர்த்தது."

மேனேஜர் தலையை நீட்டினார். "டாக்டருங்க போன் மேல போன் போடுறாங்க. ரிப்போர்ட் எப்போ?"

"லேட்டாகும் சார். தப்பு என்மேலதான்."

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். சிஸ்டம்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, சுருக்கமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"கேட்டா வராது. கைக்குத்தான் தெரியும்."

"அப்போ கையையே கேட்போம்."

அதே வேலையைச் செய்யும் புது புரோகிராம் ஒன்றை முதலில் ஏற்றினார். பழைய ரிப்போர்ட்டுகள் காப்பியில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறந்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். பாதி படிக்கும்போதே அக்காவின் இடது கை அதற்கான எழுத்துகளைத் தட்டியது. அதைப் பார்த்து அவர் புதுப் பட்டியலில் ஏற்றினார். சிலதுக்குக் கை நின்றுவிடும். "கொஞ்சம் இருங்க, படிக்காதீங்க," என்று அக்கா கண்ணை மூடுவார். விரல்கள் வெறும் மேசையில் தடவித் தேடும். சிலது வந்தது, சிலது வரவே இல்லை.

'மறுபடியும் ரத்தம் எடுத்து அனுப்பவும்' என்று படித்தபோது திரையில் 'சனி' என்று விழுந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார் அக்கா. அக்காவின் உதட்டிலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

நடுவில் மனைவி போன் செய்தாள். "என்ன, குரலே செத்துப்போய் கிடக்கு?"

"வேலைம்மா. இன்னும் முடியல."

நாலு மணிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தது. "மிச்சம் அடிக்க அடிக்க வரும். வராததைப் புதுசா வச்சுக்கறேன்," என்றார் அக்கா. முதல் ரிப்போர்ட் பிரிண்டரில் இறங்கியது.

புதுப் பட்டியல் எங்கே இருக்கிறது, அதை எப்படிக் காப்பி எடுப்பது என்று சிஸ்டம்காரர் காட்டிக் கொடுத்தார். அக்கா இரண்டு தடவை தானே செய்து பார்த்தார்.

"இனிமே யார் வந்தாலும் முதல்ல நான் காப்பி எடுத்துட்டுத்தான் நாற்காலியை விடுவேன். நீங்க சொன்னாலும் நம்ப மாட்டேன்."

"நம்பாதீங்கக்கா," என்றார் அவர்.

அக்கா அடுத்த ரிப்போர்ட்டை எடுத்திருந்தார். அவர் சத்தமில்லாமல் ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.