பெட்டியை எடுத்த பிறகு வந்தவன்

என் தங்கை நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். மாணவர்கள் படிப்பு வேலையை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. வகுப்பு வகுப்பாகக் கேள்வித்தாள் கொடுத்தாள். நிரப்பி, வெள்ளிக்கிழமைக்குள் நூலக வாசலில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும்.

வெள்ளி மாலை பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அவள் வாசிக்க, நான் கணினியில் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவர்கூட எதையும் தள்ளிப்போடுவதில்லையாம்.

"ஏண்டி, இவங்கெல்லாம் எந்த உலகத்துப் பிள்ளைங்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திங்களன்று முடிவைப் பார்த்த அவளுடைய ஆய்வு நெறியாளர், கேள்விகளே சரியில்லை என்று சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் உருப்படியான முடிவு வராவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும்.

செவ்வாயன்று ஒரு மாணவன் கசங்கிய கேள்வித்தாளோடு அவள் அறைக்கு வந்தானாம். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'அப்புறம்'. தேதி முடிந்துவிட்டதே என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"முடிஞ்சாத்தான் மேடம் எனக்கு ஞாபகமே வரும்."

வீட்டில் அதையும் கூட்டிப் பார்த்தோம். மற்ற எல்லாரையும்விட அவனுக்குத்தான் தள்ளிப்போடும் அளவு அதிகம். தங்கை பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, தள்ளிப்போடறவங்கள அளக்கறேன்னு கெளம்பி, அவங்கள மட்டும் வெளியே நிறுத்திட்டு வந்துட்டேன்."

மறுநாள் நெறியாளரிடம் அவகாசம் கேட்கப் போனாள். கூச்சமாக இருக்கிறது என்றதால் நானும் கூடப் போனேன்.

"தள்ளிப்போடறதப் பத்தி எழுதறவங்களே தேதியத் தள்ளிப்போடச் சொன்னா எப்படிம்மா?" என்றார்.

"இப்ப நிறுத்தினா தப்பான பதில்தான் சார் கிடைக்கும். எந்தத் தேதில வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுலயும் குறிச்சு வெக்கறேன். லேட்டா வர்றதுல அளவு கூடுதான்னு பாக்கலாம்."

அவர் மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு, பருவம் முடியும் வரை அவகாசம் எழுதிக் கொடுத்தார்.

பெட்டி மறுபடி நூலக வாசலுக்குப் போனது. ஒன்றும் இரண்டுமாக விழுந்தன. நாள் போகப் போக அளவு ஏறிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பருவம் முடிந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் நெறியாளரிடம் போய்ச் சேர்ந்தது. பெட்டியை எடுத்துவிடலாமே என்றேன்.

"அப்புறம் எடுக்கலாம்க்கா" என்றாள்.